வழக்கில் ஜெயித்தோம், செலவை யார் தருவது?

நிதித்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் தலைவர், உறுப்பினர்கள் அவர்களுக்கு,

என் அப்பா மும்பை தாராவியில் இட்லி அவித்து விற்கிறவர். இரவு இரண்டு மணிக்கு அடுப்பு பற்றும். ஐந்தரைக்குள் சைக்கிள்காரர்கள் வந்து பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். மாட்டுங்கா, மாஹிம், பாந்த்ரா என்று தெருத்தெருவாக பாம் பாம் என்று ஹாரனை அமுக்கிக்கொண்டு அவர்கள் விற்பது எங்கள் வீட்டு இட்லி. அப்பா வருமான வரி கட்டுகிறவரும்கூட. 2025 ஜனவரியில், ஐந்து வருடம் இழுத்த ஒரு வரி வழக்கில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அவர் சொன்னதுதான் சரி என்று உத்தரவு போட்டது. பாதி வெற்றி, முக்கால் வெற்றி இல்லை, முழு வெற்றி. அதற்கு எங்கள் வீட்டிலிருந்து போன பணம் 1,45,600 ரூபாய். நகைக்கடன் வட்டி தனி. இதில் ஒரு ரூபாயும் திரும்பாது. வரி விதித்ததே தவறு என்று எழுதிய உத்தரவு, அந்தத் தவறைத் திருத்த ஆன செலவு யாருடையது என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். ஊரில், திருநெல்வேலிப் பக்கம், எங்களுக்கு ஒரு பழைய ஓட்டு வீடு. அதை இடித்துத் தளம் போட அப்பாவுக்கு ரொம்ப நாள் ஆசை. 2016 அக்டோபர் 3ஆம் தேதி வங்கியிலிருந்து 6,20,000 ரூபாய் எடுத்தார். ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போய் வேலையை ஆரம்பித்துவிட்டு வருவதாகத் திட்டம். இரண்டு நாள் கழித்துக் கொத்தனார் போன் பண்ணி, "ஐப்பசி வருது அண்ணாச்சி, மழையில தளம் போட முடியாது, தை பொறக்கட்டும்" என்றார். (அந்த வருடம் வடகிழக்குப் பருவமழை ஊரையே ஏமாற்றிவிட்டது. அது வேறு கதை.) பணம் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. நவம்பர் 8 இரவு, ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று பிரதமர் டிவியில் சொன்னார். நவம்பர் 21ஆம் தேதி அந்த 6,20,000, வியாபாரத்தில் கையிலிருந்த 2,50,000, ஆக 8,70,000 ரூபாயை எடுத்த அதே கணக்கில் அப்பா திரும்பக் கட்டினார். எடுத்ததும் போட்டதும் ஒரே பாஸ்புக்கில் மூன்று பக்க இடைவெளியில் இருக்கின்றன.

2018இல் நோட்டீஸ் வந்தது. கேட்டதெல்லாம் கொடுத்தோம். பாஸ்புக் நகல் கொடுத்தோம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் சிறு வியாபாரிகளுக்கென்று இருந்த 44ஏடி பிரிவின்படி விற்பனையில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்டி, 3,68,000 ரூபாய் வருமானத்துக்குக் கணக்குத் தாக்கல் செய்தவர் அப்பா. அந்தப் பிரிவில் வருகிறவர்கள் கணக்குப் புத்தகம் எழுதி வைக்க வேண்டியதில்லை என்று சட்டமே சொல்கிறது. வரித்துறை அதிகாரி கேட்டது கணக்குப் புத்தகம். 2019 டிசம்பர் கடைசி வாரத்தில், காலக்கெடு முடியும் தறுவாயில், உத்தரவு வந்தது. ஏழு வாரம் ஒருவர் இவ்வளவு பணத்தை தாராவி வீட்டில் ரொக்கமாக வைத்திருந்தார் என்பது நம்பத்தகுந்ததாக இல்லை, ஆகவே 8,70,000 முழுவதும் விளக்கப்படாத பணம் என்பது அதன் சாரம். தாராவி என்ற சொல் அந்த வாக்கியத்தில் எதற்கு வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

விளக்கப்படாத பணத்துக்கு வரி சாதாரண விகிதத்தில் வராது என்பது உங்களுக்குத் தெரியும். அப்பாவின் அந்த வருடக் கணக்குக்கு 60 சதவீதம், அதன்மேல் கால் பங்கு கூடுதல் வரி, அதன்மேல் செஸ், மொத்தம் 77.25 சதவீதம். வட்டியும் சேர்ந்து கேட்புத் தொகை ஒன்பது லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக நின்றது. ஐந்தில் ஒரு பங்கைக் கட்டினால் மீதியை மேல்முறையீடு முடியும்வரை நிறுத்தி வைப்போம் என்பது 2017இலிருந்து துறையின் விதியாக இருந்தது. அம்மாவின் நகையை அடகு வைத்து 2020 பிப்ரவரியில் 1,80,000 கட்டினோம்.

முதல் மேல்முறையீடு 2020 ஜனவரியில் போட்டது. அந்த வருடம் செப்டம்பரில் பெரும்பாலான முதல் மேல்முறையீடுகள் முகமற்ற முறைக்குப் போயின. யாரையும் பார்க்க வேண்டாம், எல்லாம் கணினியில். பாஸ்புக்கை ஸ்கேன் செய்து நானே மூன்று முறை ஏற்றினேன். நான்கு வருடம் கழித்து வந்த உத்தரவில் முதல் அதிகாரி எழுதிய பத்தியே அப்படியே இருந்தது. தாராவியும் இருந்தது.

பிறகு தீர்ப்பாயம். இங்கே ஒரு சின்னக் கணக்கு. தீர்ப்பாயத்துக்கான கட்டணம், அதிகாரி நிர்ணயித்த வருமானத்தில் ஒரு சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். அப்பா காட்டிய வருமானம் 3,68,000. அதிகாரி அதை 12,38,000 ஆக்கியிருந்தார். எனவே உச்சவரம்பு வரை கட்டினோம். எந்தத் தொகை தவறு என்று சொல்லிப் போகிறோமோ அந்தத் தொகைதான் எங்கள் நுழைவுச்சீட்டின் விலையைத் தீர்மானித்தது. துறை மேல்முறையீடு செய்தால் அதற்குக் கட்டணமே கிடையாது.

நான் லோயர் பரேலில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். விசாரணை நாட்களில் லீவு போட்டு அப்பாவோடு போவேன். ராத்திரி முழுக்க அடுப்படியில் நின்றவர், குளித்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டு ரயிலில் நின்றுகொண்டே தூங்குவார். 2024 ஜூலையில் முதல் தேதி: துறையின் பிரதிநிதி, கோப்பு இன்னும் வந்து சேரவில்லை என்றார், தள்ளிவைப்பு. செப்டம்பரில் இரண்டாவது தேதி: அதே கோப்பு, அதே பதில், தள்ளிவைப்பு.

அந்தச் செப்டம்பர் காலையில் எங்களுக்கு முந்தின வழக்கை நான் கவனித்துக் கேட்டேன். ஒரு சிறு கடைக்காரர். முதல் மேல்முறையீட்டில் நோட்டீஸ்களுக்குப் பதில் போடாமல் விட்டுவிட்டார். இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்று அவருடைய வக்கீல் கெஞ்சினார். கொடுத்தார்கள், 5,000 ரூபாய் செலவுத்தொகை கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அதில் எனக்கு மறுப்பில்லை. பிறர் நேரத்தை வீணாக்கியவர் ஏதாவது கொடுப்பது நியாயம்தான். ஆனால் பத்து நிமிடம் கழித்து, இரண்டாவது முறையாகக் கோப்பு இல்லாமல் வந்த துறைக்கு அதே அறையில் வெறும் அடுத்த தேதி கிடைத்தது. எங்கள் வக்கீலிடம் கேட்டேன். "அதிகாரம் இருக்கும்மா. 254(2பி). மேல்முறையீட்டின் செலவைத் தீர்ப்பாயம் தன் விருப்புரிமைப்படி தீர்மானிக்கலாம். 1999லேயே சேர்த்தாச்சு" என்றார். அப்படியானால் நமக்குக் கேளுங்கள் என்றேன். அவர் சிரித்தார். "அதெல்லாம் கேட்கிற வழக்கம் இல்லை."

இந்த மடலை எழுத வைத்தது அந்த ஒரு வாக்கியம். சட்டத்தில் இருக்கிறது, கேட்கிற வழக்கம் இல்லை. நவம்பரில் இறுதி விசாரணையின்போது அவர் என் தொந்தரவு தாங்காமல் கேட்டார். உத்தரவு மூன்றே பக்கம். எடுத்த பணமும் போட்ட பணமும் ஒரே கணக்கில் தெரிகின்றன, இடையில் அந்தப் பணம் வேறு எதற்கும் செலவானதாகத் துறை காட்டவில்லை, வியாபாரத் தொகை விற்பனைக்குப் பொருத்தமாக இருக்கிறது, ஆகவே முழுவதும் நீக்கப்படுகிறது. செலவு கேட்டோம் என்பதைப் பதிவு செய்யக்கூட இல்லை.

தீர்ப்பாயத்தின் மீது குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 1941இலிருந்து நடக்கும் அமைப்பு அது. எங்களுக்கு நியாயம் கிடைத்த ஒரே இடமும் அதுதான். விருப்புரிமை என்ற ஒற்றைச் சொல்லைக் கையில் கொடுத்துவிட்டு, எப்போது, எவ்வளவு, யாருக்கு என்று எதுவுமே எழுதாமல் விட்டது நாடாளுமன்றம். எழுதாத விதி எப்போதும் இளைத்தவன் பக்கம்தான் பாயும்.

செலவு விதிக்கப்பட்ட அபூர்வமான சமயங்களிலும் அது எங்கே போகிறது என்று பாருங்கள். 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், 596 நாள் தாமதமாக மேல்முறையீடு செய்ததோடு, நிலுவையில் இருப்பதாகச் சொன்ன வேறொரு வழக்கைப் பற்றித் தவறான தகவலும் தந்ததற்காக வருமான வரித்துறைக்கு 10 லட்சம் ரூபாய் செலவுத்தொகை விதித்தது. வழக்கின் எதிர்த்தரப்பு உத்தரப் பிரதேசத்து வளர்ச்சி ஆணையம் ஒன்று. பத்து லட்சமும் போனது நீதிமன்றத்தின் சட்ட உதவிக் குழுவுக்கு. நல்ல காரியம். ஆனாலும் அது துறைக்குக் கொடுத்த குட்டு. வழக்காடியவருக்கு அதில் ஒன்றுமில்லை.

இன்னொரு பக்கம், இரண்டு கம்பெனிகள் வணிக நீதிமன்றத்தில் மோதிக்கொண்டால் தோற்றவர் செலவைத் தரவேண்டும் என்பதுதான் பொது விதி என்று 2015ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாக எழுதிவிட்டது. ஏன் தரவேண்டாம் என்றால் நீதிமன்றம் காரணம் எழுத வேண்டும். கம்பெனிக்கும் கம்பெனிக்கும் இருக்கிற இந்த நியாயம் அரசுக்கும் இட்லிக்காரருக்கும் நடுவில் ஏன் இல்லை?

கம்பெனிகளைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. வரி வழக்குக்கு வக்கீல் வைக்கும் கம்பெனி அந்தச் செலவை வியாபாரச் செலவாகக் கழித்துக்கொள்கிறது. 22 சதவீத விகிதத்தில் இருக்கும் கம்பெனிக்குக் கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்ந்து 25.17 ஆகிறது. அதாவது நூறு ரூபாய் வக்கீல் பீஸில் இருபத்தைந்து ரூபாய் அரசாங்கத்தினுடையது. அப்பா 44ஏடியில் இருப்பதால் எல்லாச் செலவும் அந்த 8 சதவீதக் கணக்குக்குள் ஏற்கெனவே கழிந்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஒரு காசு கழிக்க முடியாது. மாதச் சம்பளக்காரரான எனக்கு இப்படி ஒரு வழக்கு வந்தாலும் அதே கதை. ஒரு காலத்தில் இப்படி இல்லை. 80விவி என்று ஒரு பிரிவு 1976இலிருந்து பத்தாண்டு இருந்தது. வரி நடவடிக்கைகளுக்கு ஆன செலவில் 5,000 ரூபாய் வரை யாரும் கழித்துக்கொள்ளலாம். 1986 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள்.

துறை ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று நான் யோசித்துப் பார்த்தேன். அதிகாரிகள் கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வரித்துறையிலிருந்து ஓய்வு பெற்ற தமிழர் ஒருவர் எங்கள் பக்கம் இருக்கிறார். அப்பாவின் இட்லி வாடிக்கை. அவர் சொன்னார்: "விட்டா ஆடிட் கேக்கும்மா. மேலதிகாரி 263 போடுவாரு. சேத்தா எவனும் கேக்க மாட்டான். டிசம்பர் மாசம், மேசைல எரநூறு பைல். நீயா இருந்தா என்ன பண்ணுவ?" 263 என்பது, வருவாய்க்குப் பாதகமாகத் தவறு செய்த உத்தரவை ஆணையர் தாமாகவே திறந்து பார்க்கும் பிரிவு. குடிமக்களுக்குப் பாதகமாகச் செய்த தவறையும் ஆணையர் தாமாகவே திறக்க 264ஆம் பிரிவு இடம் கொடுத்தது, ஆனால் எங்கள் கோப்பு எந்த மேசையிலும் தானாகத் திறக்கவில்லை. நாங்கள்தான் காசு கொடுத்துத் திறக்க வேண்டியிருந்தது.

இது என் வீட்டுப் புலம்பல் மட்டும் இல்லை என்பதற்கு அரசின் 2017-18 பொருளாதார ஆய்வறிக்கையே சாட்சி. நேரடி வரி மேல்முறையீடுகளில் 85 சதவீதம் போல துறை தொடுத்தவை. தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் மூன்றிலும் துறையின் வெற்றி 30 சதவீதத்துக்கும் கீழே. அதற்குப் பிறகு துறை மேல்முறையீடு செய்வதற்கான தொகை வரம்பைப் பலமுறை உயர்த்தினார்கள். 2024 செப்டம்பரிலிருந்து தீர்ப்பாயத்துக்கு 60 லட்சம், உயர் நீதிமன்றத்துக்கு 2 கோடி, உச்ச நீதிமன்றத்துக்கு 5 கோடி. நல்லது, அதனால்தான் அப்பாவை அடுத்த நீதிமன்றத்துக்கு இழுக்கவில்லை. ஆனால் அந்த வரம்பு துறையின் மேல்முறையீட்டைத்தான் தடுக்கிறது. முதலில் அதிகாரி அந்தத் தொகையை வருமானத்தோடு சேர்த்தாரே, அதை எதுவும் தடுக்கவில்லை. எங்களைப் போன்றவர்களின் பணம் கரைவது அங்கே.

புதிய வருமான வரிச் சட்டம் 2025இல் நிறைவேறியது. 536 பிரிவுகள், எளிய மொழி, 2026 ஏப்ரல் 1 நடைமுறை நாள். கொள்கையில் பெரிய மாற்றம் இல்லை, மொழியைத்தான் சீராக்கினோம் என்று அரசு சொன்னது. செலவு விஷயமும் அந்த மாறாதவற்றில் ஒன்றாகப் போய்விட்டது. ஆகவே உங்களிடம் வருகிறேன்.

தோற்றவர் செலவு தர வேண்டும் என்று இரு பக்கத்துக்கும் ஒரே விதி வைத்துவிடாதீர்கள். அதுதான் முதல் வேண்டுகோள். அப்படி இருந்திருந்தால் தோற்றால் துறையின் வக்கீல் பீஸும் நம் தலையில் என்ற பயத்தில் அப்பா மேல்முறையீடே செய்திருக்க மாட்டார். நானும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அமெரிக்க வரிச் சட்டத்தின் 7430ஆம் பிரிவு 1982இலிருந்து இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. வரி கட்டுகிறவர் ஜெயித்து, அரசின் நிலைப்பாட்டுக்குப் போதுமான நியாயம் இல்லை என்றால், அவருடைய நியாயமான வழக்குச் செலவை அரசு தரவேண்டும். அந்த மாதிரி ஒருவழி விதி நமக்கு வேண்டும். எந்த ஆதாரத்தை வைத்து மேல்முறையீட்டில் ஜெயித்தாரோ அது வரி நிர்ணயத்தின்போதே அதிகாரியின் கையில் இருந்திருந்தால், செலவு கட்டாயம் தரப்பட வேண்டும். தர வேண்டாம் என்று அமர்வு நினைத்தால் காரணத்தை எழுத வேண்டும். சட்டத்தில் உண்மையான கருத்து வேறுபாடு இருக்கும் வழக்குகளுக்கு இது பொருந்த வேண்டாம். எங்களுடையது சட்டப் பிரச்சினையே இல்லை. பாஸ்புக்கில் மூன்று பக்கம் முன்னால் புரட்டிப் பார்க்கிற பிரச்சினை.

இந்த அதிகாரம் முதல் மேல்முறையீட்டுக்கும் வேண்டும். அந்தக் கட்டத்தில் செலவு என்ற பேச்சே சட்டத்தில் இல்லை. ஆனால் எங்கள் ஐந்து வருடத்தில் நான்கு வருடம் போனது அங்கேதான்.

தொகையை வக்கீல் கொடுக்கும் பில்லின் அடிப்படையில், நியாயமான உச்சவரம்போடு நிர்ணயியுங்கள். சிவில் நடைமுறைச் சட்டத்தில் பொய் வழக்குக்கான இழப்பீட்டு உச்சவரம்பு 3,000 ரூபாயிலேயே நின்றுபோனதைப் போல, ஒரு எண்ணை எழுதிவிட்டு மறந்துவிட வேண்டாம். பணம் வழக்காடியவரின் வங்கிக் கணக்குக்கு ரீஃபண்டோடு சேர்ந்து போக வேண்டும். நிவாரண நிதிக்கோ சட்ட உதவிக் குழுவுக்கோ அரசு தனியாகக் கொடுத்துக்கொள்ளட்டும். அதிகாரியின் சம்பளத்தில் பிடிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அப்படிச் செய்தால் பயந்துபோய் இன்னும் மோசமாக எழுதுவார்கள். துறையின் பட்ஜெட்டில் தனித் தலைப்பில் அந்தச் செலவு வரட்டும். எத்தனை வழக்கில், எந்தக் காரணத்துக்காக, எவ்வளவு கொடுத்தோம் என்று வருடாவருடம் உங்கள் குழுவின் முன் துறை கணக்கு வைக்கட்டும். "சேத்தா எவனும் கேக்க மாட்டான்" என்றாரே அந்தப் பெரியவர், நீங்கள் கேளுங்கள்.

80விவி போல ஒரு கழிவை, இன்றைய வக்கீல் கட்டணத்துக்கு ஏற்ற தொகையோடு, சம்பளக்காரர்களுக்கும் 44ஏடியில் இருப்பவர்களுக்கும் திரும்பக் கொண்டுவாருங்கள்.

வட்டியைச் சமமாக்குங்கள். நாங்கள் தாமதித்தால் மாதம் ஒரு சதவீதம். அரசு எங்கள் பணத்தை வைத்திருந்தால் அரை சதவீதம். 2020 பிப்ரவரியில் கட்டிய 1,80,000 எங்களுக்குத் திரும்பியது 2025 ஜூனில், 57,600 ரூபாய் வட்டியோடு. அதே காலத்தில் அம்மாவின் நகைக்கு நாங்கள் கட்டிய வட்டி 1,05,000க்கும் மேல். அரசு தந்த அந்த 57,600 வருமானம் என்பதால் அதற்கும் வரி உண்டு. கட்டினோம்.

கடைசியாக, உங்களால் மிக எளிதில் செய்யக்கூடியது: ஜெயித்தவருக்குத் தீர்ப்பாயக் கட்டணத்தையாவது திருப்பிக் கொடுங்கள். அந்தப் பத்தாயிரத்துக்கான சலான் இன்னும் அப்பாவின் டிரங்குப் பெட்டியில், பாஸ்புக்கோடு ஒன்றாக இருக்கிறது.

இப்படிக்கு,
தாராவி இட்லிக்காரர் ஒருவரின் மகள்
மும்பை